பாட்டுக்கு விலை வைப்பது யார்? ராயல்டி தகராறுகளைத் தீர்க்க முன்னால் இருக்கும் வழிகள்

2020 டிசம்பர் 31 அன்று, பண்பலை வானொலிகள் பாடல்களுக்குக் கொடுக்க வேண்டிய ராயல்டியை அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் நிர்ணயித்தது. அந்தக் கட்டணத்துக்கு ஆயுள் 2021 செப்டம்பர் 30 வரைதான். அதற்கு முன்பே, 2021 ஏப்ரல் 4 அன்று வந்த அவசரச் சட்டம் வாரியத்தையே கலைத்துவிட்டது. விலை வைத்தவரும் இல்லை, வைத்த விலைக்கும் கெடு முடிந்தது. 2003 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வாரியம் அது.

இந்த வேலை இப்போது வணிக நீதிமன்றங்களிடம் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டுமா, பழையபடி தனி வாரியம் வேண்டுமா, வழக்குக்கு வழக்கு நடுவர் குழு போதுமா, அமெரிக்காவில் உள்ளதுபோல் நிரந்தரக் கட்டண நீதிபதிகள் வேண்டுமா, இல்லை அரசுக் குழுவே விலை வைக்கட்டுமா? பாடலாசிரியர், இசையமைப்பாளர், இசை நிறுவனம், வானொலி, ஓட்டல்காரர் என எல்லோருடைய பையையும் தொடுகிற கேள்வி இது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாற்காலியில் உட்காருவது நீதிபதியா நிபுணரா என்பது இரண்டாம்பட்சம். நாடு முழுவதுக்கும் ஒரே வாசல் இருக்கிறதா? பழைய கட்டணம் முடியும் முன் புதியது வந்தே தீர வேண்டும் என்ற கெடு இருக்கிறதா? வழக்கு நடக்கும்போது பணம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதா? இந்த மூன்றும்தான் உரைகல். அறிவுள்ளவர்கள் உட்கார்ந்த வாரியங்கள் கவிழ்ந்ததெல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்று இல்லாததால்தான்.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கட்டணத் தகராறு மூன்று பிரிவுகளின் வழியாக வரும். பிரிவு 31 கட்டாய உரிமம்: உரிமையாளர் அனுமதி மறுத்தால், அல்லது நியாயமில்லாத நிபந்தனை விதித்தால், கேட்டுப் பெறுவது. பிரிவு 31-டி 2012 திருத்தத்தில் சேர்ந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்து, நிர்ணயித்த ராயல்டியைக் கட்டிவிட்டு ஒலிபரப்பலாம். பிரிவு 33-ஏ, உரிமையாளர்கள் சார்பில் உரிமம் கொடுத்துப் பணம் வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கம் வெளியிடும் கட்டண அட்டவணையை எதிர்த்து மேல்முறையீடு செய்வதற்கு.

பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் குணம் வேறு. 31 என்பது வாதி, பிரதிவாதி என்று பெயர் போட்டு நடத்தக்கூடிய வழக்கு. 31-டி அப்படியல்ல. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி பொது அறிவிப்பு வெளியிட்டு, 30 நாள் கருத்துக் கேட்டு, வந்தவர்களை விசாரித்து, வழக்கில் இல்லாதவர்களையும் கட்டுப்படுத்தும் கட்டணத்தை வைக்க வேண்டும். பஸ் கட்டணம் நிர்ணயிப்பதற்கு நெருக்கமான வேலை அது.

இடைக்கால ஏற்பாட்டிலும் இந்தப் பிரிவுகள் ஒத்துப்போவதில்லை. 33-ஏ மேல்முறையீட்டில், நிலுவைத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் பேச வேண்டும்; வசூலுக்குத் தடை கிடையாது; ஆனால் இடைக்காலக் கட்டணம் ஒன்றை நிர்ணயிக்க அதிகாரம் உண்டு. பிரிவு 31இல் அந்த அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2012 மே மாதம் சொல்லிவிட்டது. ஆக, ஒரே பாட்டு, ஒரே வாரியம். எந்தப் பிரிவில் மனு போட்டோம் என்பதைப் பொறுத்து நடுவில் பணம் வரும் அல்லது வராது. சீர்திருத்தம் பேசும் பலர் இந்த ஓட்டையை விட்டுவிட்டு அலுவலகத்தின் பெயர்ப்பலகையை மாற்றுவது பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நிலையத்தின் ஒரு மாதக் கணக்கு

கட்டண முறை மாறினால் என்ன ஆகும் என்பதை எண்ணில் பார்த்தால்தான் இந்தச் சண்டை ஏன் இத்தனை மூர்க்கமாக நடக்கிறது என்று புரியும்.

2010 ஆகஸ்ட் 25 அன்று பழைய பதிப்புரிமை வாரியம் கொடுத்த உத்தரவு, நிலையத்தின் நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதத்தை ஒதுக்கி, யாருடைய இசை எவ்வளவு ஒலித்ததோ அந்த விகிதத்தில் எல்லா இசை நிறுவனங்களுக்கும் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. 2020 செப்டம்பர் வரை ஓடியது அந்த ஏற்பாடுதான். 2020 டிசம்பர் உத்தரவு வேறு அளவுகோலை எடுத்தது. ஊசி நேரம், அதாவது பாட்டு உண்மையில் ஓடிய நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்ற விலை. நகரத்தின் தரத்தைப் பொறுத்தும், காலை மாலை நெரிசல் நேரமா நள்ளிரவா என்பதைப் பொறுத்தும் விலை மாறும்.

ஒரு கற்பனை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தினம் 18 மணி நேரம், 30 நாள், மொத்தம் 540 மணி. மணிக்கு ஆறு பாட்டு, பாட்டுக்கு நான்கு நிமிடம் என்றால் 24 நிமிட இசை. மீதி ஆர்ஜே பேச்சும் விளம்பரமும். மாதத்துக்கு 216 ஊசி மணி. நிகர விளம்பர வருவாய் 40 லட்சம் ரூபாய் என்றால், 2 சதவீதம் 80,000 ரூபாய். 30 சதவீதப் பாடல்களைக் கொடுத்த நிறுவனத்துக்கு 24,000. ஊசி மணிக்குச் சுமார் 370 ரூபாய் விழுகிறது.

விளம்பரம் சுருங்கிய மாதத்தில் வருவாய் 15 லட்சம். அதில் 2 சதவீதம் 30,000. அதே நிறுவனத்துக்கு 9,000. ஊசி மணிக்கு 139 ரூபாய். பாட்டு ஒன்றுகூடக் குறையவில்லை. மணிக்கு 370 என்று நிலையான விலை வைத்திருந்தால் அந்த மாதமும் ஏறக்குறைய 24,000 போயிருக்கும். முதல் முறையில் நட்டத்தைப் பாட்டுக்காரரும் சேர்ந்து சுமக்கிறார். இரண்டாவதில் நிலையம் தனியாகச் சுமக்கிறது. இரண்டுக்கும் நியாயம் பேசலாம். (பண்பலை உரிமத்துக்காக அரசுக்கு மொத்த வருவாயில் 4 சதவீதம் போகும்போது, அத்தனை பாட்டுக்கும் சேர்த்து 2 சதவீதமா என்று இசை நிறுவனங்கள் கேட்பதிலும் பொருள் இருக்கிறது.)

இது ஒலிப்பதிவுக்கு மட்டும். வரிக்கும் மெட்டுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதை 2020 உத்தரவு ஏற்றது. 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றமும் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் சங்கமான ஐபிஆர்எஸ் தொடுத்த வழக்கில் அதையே உறுதி செய்தது.

இப்படி ஒரு விலையைத் தேர்ந்தெடுக்க, நிலையங்களின் கணக்கும், ஒலிபரப்புப் பதிவேடும், அவற்றை வாசிக்கத் தெரிந்த பொருளாதாரம் படித்த ஒரு ஆளும் தேவை. எந்த அமைப்பில் இவை கிடைக்கும் என்பதை இனி பார்க்கலாம்.

வழி ஒன்று: இப்போதுள்ள வணிக நீதிமன்றங்கள்

2021ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டம், பதிப்புரிமைச் சட்டத்தில் வாரியம் என்று இருந்த இடங்களில் பெரும்பாலும் வணிக நீதிமன்றம் என்று எழுதிவைத்தது. உயர் நீதிமன்றத்துக்கு நேரடி சிவில் விசாரணை அதிகாரம் உள்ள சென்னை, மும்பை, டெல்லி போன்ற இடங்களில் அதன் வணிகப் பிரிவு. மற்ற இடங்களில் மாவட்ட அளவிலான வணிக நீதிமன்றம்.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. நீதிமன்றத்துக்குப் பூட்டுப் போட முடியாது. உத்தரவை மீறினால் அவமதிப்பு நடவடிக்கை உண்டு. மேல்முறையீட்டுப் பாதை தெளிவு. டெல்லி உயர் நீதிமன்றம் 2021இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2023இலும் அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியதால், சட்டம் தெரிந்த அமர்வு கிடைக்கிறது. உரிமை மீறல் வழக்குக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

கட்டணம் நிர்ணயிக்க இது பொருந்தவில்லை. முதல் கோளாறு, வாசல்கள் பல. 31-டி கட்டணம் நாடு முழுவதுக்குமானது. இந்தூரில் ஒரு நீதிமன்றம் வருவாயில் சதவீதம் என்றும், கொச்சியில் ஒன்று மணிக் கணக்கு என்றும் சொன்னால், இரண்டு ஊரிலும் நிலையம் வைத்திருப்பவர் எதைக் கட்டுவார்? இதைத் தடுக்கும் விதி சட்டத்தில் இல்லை.

பல வாசல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஏற்கனவே ஒரு சாட்சி இருக்கிறது. பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாத ஒரு நிறுவனம், பாடல் உரிமைகளை எழுதி வாங்கிக்கொண்டு உரிமம் விற்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதித் தீர்ப்பு, 2021 டிசம்பரில். உரிமையாளர் என்ற முறையில் விற்கலாம் என்றது பம்பாய், 2024 ஜனவரியில். டெல்லியின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 ஏப்ரலில் வந்த ஓட்டல் வழக்கில், ஒலிப்பதிவு உரிமம் விற்கும் பிபிஎல் நிறுவனம் தனித்து உரிமம் கொடுக்க முடியாது, பதிவு பெற்ற சங்கமான ஆர்எம்பிஎல்லின் கட்டண அட்டவணைப்படி ஓட்டல் இடைக்காலமாகப் பணம் கட்டட்டும் என்றது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டண உத்தரவை நிறுத்திவைத்தது. ஓட்டலில் ஒலிக்கும் பாட்டுக்கு நியாயமான விலை என்ன என்பதை இதில் யாரும் ஆற அமர விசாரிக்கவே இல்லை. உரிமம் கொடுக்கத் தகுதி உண்டா என்ற வழக்கின் வாலில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது, நீதிமன்றத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது. 31-டி அறிவிப்பை ஒலிபரப்புக்கு ஐந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், பாடல் பெயர், உரிமையாளர், நேரம், நீளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்கிறது விதி 29. நேயர் விருப்பம் கேட்டு நடத்தும் நிலையத்துக்கு இது நடக்கிற காரியமில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 2 அன்று இடைக்கால உத்தரவில், ஒலிபரப்பிய பின் 15 நாளுக்குள் விவரம் கொடுத்தால் போதும் என்று தளர்த்தியது. விதியை நீதிமன்றம் திருத்தி எழுதக் கூடாது என்று 2021 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் கட்டணத்தோடு அறிவிப்பு, கணக்கு, தணிக்கை நிபந்தனைகளையும் சேர்த்து அமைக்கும் அதிகாரமுள்ள ஒரு அமைப்பு இருந்திருந்தால் இந்தத் தகராறு டெல்லி வரை போயிருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, வழக்கில் இல்லாதவர்கள். நீதிமன்றம் தன் முன் இருப்பவர்களின் ஆவணத்தைத்தான் பார்க்கும். பெரிய இசை நிறுவனமும் பெரிய வானொலிக் குழுமமும் மோதும் வழக்கில், சமுதாய வானொலி வைத்திருப்பவரின் வருவாய் யாருடைய மனுவிலும் வராது. அமர்வுகளின் பொறுப்புப் பட்டியல் வேறு அவ்வப்போது மாறும். பொருளாதார நிபுணரின் 200 பக்க அறிக்கையை ஒரு நீதிபதி படித்து முடிக்கும்போது கட்டு அடுத்தவர் மேஜைக்குப் போயிருக்கும்.

வழி இரண்டு: பழைய வாரியத்துக்கு உயிர் கொடுப்பது

ஒரே வாசல் என்ற தேர்வில் இது தேறும். மற்ற இரண்டிலும் தோற்றது.

2017 மே மாதம் நிதிச் சட்டத்தின் வழியாகப் பதிப்புரிமை வாரியத்தின் வேலை மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தபோது, அங்கே ஓராண்டாகத் தலைவர் நாற்காலியே காலி. 2018 தொடக்கத்தில்தான் புதிய தலைவர் வந்தார். பதிப்புரிமைக்கான தொழில்நுட்ப உறுப்பினருக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2010இல் வைத்த கட்டணம் பத்தாண்டு அப்படியே ஓடியதன் இன்னொரு பக்கம் இது. கெடு முடியும் நேரத்தில் அவசர அவசரமாக விசாரித்து, ஓராண்டுக்கும் குறைவான எதிர்காலத்துக்கு ஒரு விலை வைத்துவிட்டு வாரியம் விடைபெற்றது.

காலி நாற்காலியை வாரிய முறையின் பிறவிக் குறை என்று சொல்ல முடியாது. நியமனத்தை அமைச்சகத்தின் வசதிக்கு விட்டதன் விளைவு அது. பிரிட்டனில் 1956இல் நிகழ்த்துரிமைத் தீர்ப்பாயமாகத் தொடங்கி, 1988 சட்டத்தில் பதிப்புரிமைத் தீர்ப்பாயமாக மாறிய அமைப்பு இன்றும் நடக்கிறது. சங்கத்தின் கட்டணத் திட்டம் நியாயமானதா என்று மட்டும் பார்க்கும்; சட்டக் கேள்விக்கு மட்டும் உயர் நீதிமன்றம் போகலாம். சிறிய அமைப்பு, சிறிய வேலை.

கனடாவின் பாடம் வேறு மாதிரி. அங்கே பதிப்புரிமை வாரியம் இருந்தது, உறுப்பினர்களும் இருந்தார்கள். தீர்ப்புதான் கட்டணக் காலம் தொடங்கிப் பல மாதங்கள், ஆண்டுகள் கழித்து முன்தேதியிட்டு வரும். கடை நடத்துகிறவர் போன வருடப் பாட்டுக்கு இந்த வருடம் பில் வாங்குவார். அதனால் அங்கே கெடுவைச் சட்டத்திலும் விதிகளிலும் எழுதினார்கள்: கட்டண முன்மொழிவை அமலுக்கு வரும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முன்பே, அக்டோபர் 15க்குள் கொடுக்க வேண்டும், கட்டணம் குறைந்தது மூன்றாண்டுக்கு இருக்க வேண்டும், விசாரணை முடிந்தால் 12 மாதத்துக்குள் முடிவு. நம்முடைய 31-டி விதியிலும் கெடு உண்டு. ஆனால் அது கருத்துக் கேட்பு தொடங்கிய பிறகு ஓடத் தொடங்கும் கெடு. எப்போது தொடங்க வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை.

வழி மூன்று: வழக்குக்கு ஒரு நடுவர் குழு

நிரந்தர வாரியம் வேண்டாம், தகராறு வரும்போது மூன்று நடுவர்களை அமர்த்தினால் போதும், செலவைக் கட்சிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. அமெரிக்கா இதை 1993 முதல் 2004 வரை செய்து பார்த்துக் கைவிட்டது.

அங்கே 1976 சட்டம் அமைத்த ராயல்டி தீர்ப்பாயத்தை 1993இல் கலைத்துவிட்டு நடுவர் குழுக்களைக் கொண்டுவந்தார்கள். பதிப்புரிமை அலுவலகத்துக்கு மேலதிகாரியான நாடாளுமன்ற நூலகர் இரண்டு நடுவரைத் தேர்வார்; அந்த இருவரும் தலைவரைத் தேர்வார்கள். 180 நாளில் அறிக்கை. அதை நூலகர், பதிப்புரிமைப் பதிவாளரின் பரிந்துரையோடு, ஏற்கலாம் அல்லது தள்ளலாம்.

இணைய வானொலி வழக்கில் இது சந்தி சிரித்தது. 2002 பிப்ரவரி 20 அன்று குழு, இணையத்தில் மட்டும் ஒலிபரப்புவோருக்கு ஒரு பாட்டை ஒருவர் ஒருமுறை கேட்டால் 0.14 சென்ட் என்றும், சாதாரண வானொலியை இணையத்தில் மறு ஒலிபரப்பு செய்தால் அதில் பாதி என்றும் சொன்னது. ஒரு பெரிய இணைய நிறுவனமும் இசை நிறுவனங்களின் சங்கமும் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் அதற்கு முக்கிய அடிப்படை. மே மாதம் நூலகர் அறிக்கையைத் தள்ளினார். ஜூன் 20 அன்று இருவருக்கும் 0.07 சென்ட் என்றார். மாதக்கணக்கில் சாட்சி விசாரித்து வைத்த விலை, விசாரணையில் உட்காராத ஒருவர் கையால் பாதியானது.

அதைவிடப் பெரிய குறை செலவு. நடுவர் கட்டணத்தைக் கட்சிக்காரர்கள் பகிர வேண்டும் என்பதால் சிறிய இணைய வானொலிகள் அறைக்குள்ளேயே வர முடியவில்லை. வராதவர்களின் கணக்கு இல்லாமல் வைத்த விலை அவர்களைத்தான் முதலில் நசுக்கியது. அவர்களைக் காப்பாற்ற அதே ஆண்டு தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு குழுவும் புதிது என்பதால் முந்தைய குழு கற்ற பாடமும் அடுத்ததற்குப் போய்ச் சேரவில்லை.

இரண்டு பெரிய நிறுவனங்களுக்குள் ஒப்பந்தத் தகராறு என்றால் நடுவர் முறை நல்லதுதான். ஊருக்கெல்லாம் பொதுவான விலைக்கு அது ஆகாது.

வழி நான்கு: நிரந்தரக் கட்டண நீதிபதிகள்

2004 நவம்பரில் அமெரிக்கா செய்த மாற்றம் இது. மூன்று ராயல்டி நீதிபதிகள், ஆறாண்டுப் பதவி, ஒரே நேரத்தில் எல்லோரும் ஓய்வு பெறாதபடி காலம் மாற்றி நியமனம். தலைமை நீதிபதிக்கு வழக்கு விசாரித்த அனுபவம் வேண்டும். மற்ற இருவரில் ஒருவருக்குப் பதிப்புரிமைச் சட்டத்திலும், இன்னொருவருக்குப் பொருளாதாரத்திலும் தேர்ச்சி வேண்டும். சம்பளம் அரசுப் பணத்தில். கலந்துகொள்ளக் கட்டணம் 150 டாலர்.

எந்தக் கட்டணம் எந்த ஆண்டு மறுபரிசீலனைக்கு வரும் என்று சட்டத்திலேயே அட்டவணை உண்டு. பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை. முதலில் மூன்று மாதம் தன்னார்வப் பேச்சுவார்த்தை. ஒத்துப்போய், நீதிபதிகளும் ஏற்றால் அதுவே கட்டணம். இல்லையேல் எழுத்துச் சாட்சியம், ஆவணப் பரிமாற்றம், மீண்டும் ஒரு சமரசக் கூட்டம், விசாரணை. பழைய கட்டணம் முடிய 15 நாள் முன்னதாக முடிவு வந்திருக்க வேண்டும். வராவிட்டால்? பழைய விலையில் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; புதிய விலை வந்ததும் பழையது முடிந்த நாளில் இருந்து கணக்கு நேராகும். மேல்முறையீடு போட்டாலும் பணம் நிற்காது. நம் 31-டியில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் 2021 அக்டோபரின் குழப்பம் பாதி குறைந்திருக்கும்.

150 டாலர் நுழைவுக் கட்டணம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஒலித்தட்டுக்கும் பதிவிறக்கத்துக்கும் பாடலுக்கு 9.1 சென்ட் என்ற விலை 2006 முதல் அசையாமல் கிடந்தது. பெரிய வெளியீட்டாளர்களும் பெரிய இசை நிறுவனங்களும் அதையே மேலும் ஐந்தாண்டு நீட்டிக்க ஒப்புக்கொண்டு தாக்கல் செய்தபோது, தனி ஆட்களாக வந்த பாடலாசிரியர்கள் எதிர்த்தார்கள். 2022 மார்ச்சில் நீதிபதிகள் அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தார்கள். 2023இல் விலை 12 சென்ட் ஆனது, விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஏற்பாட்டோடு. பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடித்ததைச் சிறியவர் கலைக்க முடிகிறது என்பதே இந்த முறையின் பலம்.

குறையும் கண்ணில் படாமல் போகாது. இணையப் பாடல் சேவைகள் பாடலாசிரியர் தரப்புக்குக் கொடுக்கும் பங்கை 10.5 சதவீதத்தில் இருந்து படிப்படியாக 15.1க்கு உயர்த்தும் முடிவு 2018 ஜனவரியில் வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அதன் ஒரு பகுதியை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2018 முதல் 2022 வரைக்கான கட்டணம் கடைசியில் உறுதியானது 2023இல். ஐந்தாண்டுக் கணக்கையும் மறுபடி போட வேண்டியிருந்தது. கெடு முதல் முடிவுக்குத்தான். மேல்முறையீட்டுக்குக் கெடு இல்லை. நியமன முறையே அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2012இல் ஒரு தீர்ப்பு வந்து, நீதிபதிகளை நூலகர் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்று மாற்றித்தான் அமைப்பைக் காப்பாற்றினார்கள். நம் ஊரில் அந்த மருந்து செல்லாது.

அரசுக் குழு பற்றிச் சுருக்கமாக

செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் படைப்புகளைப் பயன்படுத்துவது பற்றி 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை வெளியிட்ட ஆய்வறிக்கை, அரசு அமைக்கும் குழு கட்டணம் வைக்கட்டும், ஆட்சேபம் இருந்தால் நீதிமன்றம் போகலாம் என்கிறது. வேகம் இருக்கும். ஆனால் ஆகாசவாணி வழியாக அரசே பாட்டு வாங்குகிற கட்சி. தனியார் பண்பலையின் வருவாயில் பங்கு வாங்குவதும் அரசே. வாங்குகிறவரே தராசைப் பிடிக்கிற ஏற்பாடு நீதிமன்றத்தில் முதல் நாளே கேள்விக்கு உள்ளாகும்.

எங்கள் தேர்வு, அதில் உள்ள முட்கள்

நான்காவது வழியின் உடம்பு, கனடாவின் கடிகாரம், ஜெர்மனியின் பணப்பை. இந்தக் கலவையைத்தான் நாங்கள் கேட்போம். உரிமை மீறலும் பண வசூலும் வணிக நீதிமன்றத்திலேயே இருக்கட்டும். 31, 31-டி, 33-ஏ மூன்றின் கட்டணக் கேள்வி மட்டும் ஒரே இருக்கைக்கு வரட்டும். விசாரணை காணொலியில் நடக்கட்டும்.

அமெரிக்க அமைப்பை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. தீர்ப்பாய அமர்வில் நிபுணர்களின் எண்ணிக்கை நீதித்துறை உறுப்பினர்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லியிருக்கிறது. எனவே மூவரில் இருவர் நீதித்துறையினர், ஒருவர் பொருளாதாரம் தெரிந்தவர். மேல்முறையீட்டு வாரிய உறுப்பினர்களின் தகுதி விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் ரத்து செய்ததும், நான்காண்டுப் பதவிக்காலத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் மெட்ராஸ் பார் அசோசியேஷன் வழக்கில் தள்ளியதும் நினைவில் இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைந்த பதவிக்காலமோ, அமைச்சகத்தின் கை ஓங்கிய தேர்வுக் குழுவோ எழுதினால், முதல் கட்டண உத்தரவுக்கு முன்பே அமைப்பு விழுந்துவிடும்.

கடிகாரம் இப்படி: கட்டணம் ஐந்தாண்டுக்கு. முடிவதற்கு 18 மாதம் முன் பொது அறிவிப்பு தானாக வெளியாக வேண்டும், யாரும் மனு போடத் தேவையில்லை. மூன்று மாதம் பேச்சுவார்த்தை, ஐந்து மாதம் கணக்கு விவரத் தாக்கல், நான்கு மாதம் விசாரணை, இரண்டு மாதம் உத்தரவு எழுத. நான்கு மாதம் கையிருப்பு. அது கண்டிப்பாகச் செலவாகும். உறுப்பினர் ஓய்வுக்கு ஒன்பது மாதம் முன்பே தேர்வு தொடங்க வேண்டும். புதியவர் வரும்வரை பழையவர் தொடரலாம் என்ற வரியும் வேண்டும்.

பணத்துக்கு ஜெர்மன் முறை எளியது. சங்கம் கேட்கும் தொகையில் ஒப்புக்கொண்ட பகுதியை உடனே கொடு. தகராறு உள்ள பகுதியை ஆட்சேபம் குறித்துக் கொடு, அல்லது வைப்புத் தொகையாகக் கட்டு. கட்டினால் உரிமம் இருப்பதாகவே பொருள். பாட்டும் நிற்காது, பணமும் மறையாது.

சிறு தகராறுகளுக்குக் காகித விசாரணை வேண்டும். அமெரிக்காவில் வசூலான ராயல்டியைப் பிரிக்கும் பங்கீட்டுத் தகராறு 10,000 டாலருக்குள் என்றால் எழுத்து மனு, எழுத்துப் பதில், தீர்ப்பு; அவ்வளவுதான். இங்கே 5 லட்சம் ரூபாய் என்று வைக்கலாம். மேல்முறையீடு ஒரே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்கு, சட்டக் கேள்விக்கு மட்டும், ஆறு மாதக் கெடுவோடு. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். மாநிலத்துக்கு மாநிலம் வழக்குப் போடும் வசதியை யாரும் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

சட்டம் மாறும்வரை

வானொலியோ ஓட்டலோ நடத்துகிறவர், விலை முடிவாகவில்லை என்று கட்டாமல் இருப்பது ஆபத்து. 31-டி உரிமத்துக்கு முன்கூட்டியே நிர்ணயித்த கட்டணம் வேண்டும் என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு இணைய இசைச் சேவை வழக்கில் சொல்லியிருக்கிறது. கட்டணம் காலாவதியான காலத்தில் அந்தப் பிரிவை மட்டும் நம்பிப் பாட்டுப் போடுவது மெல்லிய பனிக்கட்டி அல்ல, வெறும் தண்ணீர். கடைசியாக இருந்த விலையில் கட்டி, உரிமைகளுக்குப் பங்கமின்றி என்று கடிதம் எழுதி வைக்க வேண்டும். சங்கத்தின் அட்டவணையை எதிர்ப்பதானால் 33-ஏ மனுவோடு இடைக்காலக் கட்டணத்துக்குத் தனி மனுவும் முதல் நாளே போட வேண்டும். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், பட்டியல் விலையையே கட்டிக்கொண்டிருக்க நேரும்.

ஒலிபரப்புப் பதிவேட்டில் பாட்டின் பெயர் மட்டும் போதாது. படம், ஆண்டு, பாடியவர், வெளியிட்ட நிறுவனம், தொடங்கிய நொடி, முடிந்த நொடி, ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சி எல்லாம் வேண்டும். ஒரே பெயரில் வேறு வேறு பத்தாண்டுகளில் வந்த படங்கள் தமிழில் ஏராளம். ஆண்டு இல்லாத வரி தவறான கணக்கில் போய் விழும். ஆங்கில எழுத்தில் பாட்டின் பெயரை நான்கு விதமாக எழுதினால், பொருந்தாத தொகை நான்கு இடத்தில் தேங்கும்.

பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் பாடல்களின் பட்டியலைச் சங்கத்தின் தரவுத்தளத்தோடு வருடம் ஒருமுறையாவது ஒப்பிட வேண்டும். பங்கு விகிதம், இணை எழுத்தாளர் பெயர், படைப்பாளியின் சர்வதேச அடையாள எண்ணான ஐபிஐ மூன்றிலும் பிழை இருக்க வாய்ப்பு உண்டு. பிழை இருந்தால் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். நிலுவை கேட்கும் நாளில் அந்தத் தேதியில் இருந்துதான் பேச்சு தொடங்கும்.